அப்பாரு எங்க போவாருங்க?

பேருக்கும் ஆளுக்கும் பொருந்தாமல் போவது நம்ம ஊரில் சகஜம். கருப்பசாமி சுண்டினால் ரத்தம் வருகிற சிவப்பில் இருப்பார். சாந்தி வீட்டில் தினமும் சண்டை நடக்கும். ஆனால் கோயமுத்தூர்க்காரர் ஒருவருக்கு நடந்தது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

அவர் பேர் பால் திருத்துவதாஸ். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் இருந்தாலும் கடவுள் ஒருவரே என்கிற கிறிஸ்தவக் கொள்கைதான் திருத்துவம். அந்தத் திருத்துவத்துக்குத் தாசன் என்று பேர் வைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்த சபை எது தெரியுமா? அந்தக் கொள்கையை அந்த அர்த்தத்தில் ஏற்காத மார்மன் சபை!

1954-இல் அவர் கைக்கு மார்மன்களின் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்தது. படித்துவிட்டு அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் தலைமையகத்துக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. மறுபடியும் எழுதினார். இப்படியே சுமார் பத்து வருஷம் ஓடி, 1960-களின் நடுவில்தான் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. ஒரு மதத்தில் சேரப் பத்து வருஷம் காத்திருந்த மனுஷன் என்பதே எனக்கு ஆச்சரியம்தான். இந்த ஊரில் கோவிலுக்கும் சர்ச்சுக்கும் என்ன பஞ்சம்? அப்படி என்னதான் இருந்தது அந்தச் சபையில்?

மார்மன் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஒருத்தருக்கு நாலஞ்சு மனைவி, இல்லையென்றால் வெள்ளைச் சட்டையும் டையும் போட்டு ஜோடியாக வீடு வீடாகப் போகும் பையன்கள். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சபையின் முழுப்பேர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830 ஏப்ரல் 6-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயசு 24. தேவதூதன் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி 'மார்மன் புஸ்தகம்' வெளியிட்டதும் அதே வருஷம்தான். 1844-இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறைக்குள் புகுந்த கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. மிச்சமிருந்தவர்களில் பெரும்பகுதியை பிரிகாம் யங் மேற்கே கூட்டிப் போனார். 1847-இல் இன்றைய யூட்டா மாநிலத்தில் குடியேறினார்கள். இன்று உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் உறுப்பினர் கணக்குச் சொல்கிறார்கள்.

முதலில் கடவுள். மார்மன்களுக்குப் பிதா தனி ஆள், இயேசு தனி ஆள், பரிசுத்த ஆவி தனி ஆள். நோக்கத்தில்தான் மூவரும் ஒன்று. பிதாவுக்குச் சதையும் எலும்பும் உள்ள உடம்பு உண்டு என்று 1843-இல் ஸ்மித் போதித்தார். பரலோகத்தில் தாயும் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அடுத்த வருஷம் ஒரு அடக்கப் பிரசங்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுளே ஒரு காலத்தில் மனுஷனாக இருந்தவர், மனுஷனும் வளர்ந்து அவர் மாதிரி ஆகலாம் என்றார். மற்ற கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்கள். 2001 ஜூனில் வாட்டிகன், மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அதே வார்த்தைகளைச் சொன்னாலும் அவர்கள் சொல்லும் அர்த்தம் வேறு என்பதுதான் காரணம்.

அடுத்து, நாம் எங்கிருந்து வந்தோம்? பிறப்பதற்கு முன்னாலேயே நாமெல்லாம் ஆவிகளாக, கடவுளின் பிள்ளைகளாக அவரோடு இருந்தோமாம். உடம்பு எடுத்து, நல்லது கெட்டதைச் சுயமாகத் தேர்ந்தெடுத்துப் பழகத்தான் பூமிக்கு வந்திருக்கிறோம். பழசெல்லாம் மறந்துபோகும்படி நடுவில் ஒரு திரை. வாழ்க்கை என்பது அப்பா வீட்டை விட்டு வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது மாதிரி. பாஸ் பண்ணினால் வீட்டுக்குத் திரும்பலாம்.

'அட, இது பூர்வஜென்மம் ஆச்சே' என்று நமக்குத் தோன்றும். இல்லை. பூமியில் ஒரே பிறவிதான், மறுபிறவி கிடையாது. இன்னும் கிட்டத்தில் வருகிற ஒன்று நம்மிடமே இருக்கிறது. பதி, பசு, பாசம் மூன்றுமே அனாதி, உயிரைக் கடவுள் படைக்கவில்லை என்கிறது சைவ சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் எழுதிய காலத்திலிருந்து நாம் படித்து வரும் பாடம். உயிரின் மூலச்சரக்கு படைக்கப்பட்டதே அல்ல, கடவுளோடு என்றும் இருப்பது என்று 1844-இல் ஸ்மித்தும் சொன்னார். முடிவில்தான் பாதை பிரிகிறது. சித்தாந்தத்தில் முக்தி அடைந்த உயிர் சிவனோடு இரண்டறக் கலந்து நிற்குமே தவிர, இன்னொரு சிவன் ஆகாது. மார்மன் அந்தக் கோட்டையும் தாண்டிவிடுகிறார்.

மூன்றாவது, செத்த பிறகு என்ன? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

மற்ற சபைகளில் சொர்க்கம், நரகம் என்று இரண்டே கதவு என்றால் மார்மன்களிடம் படிநிலைகள். செத்ததும் ஆவி உலகம். அங்கே நல்லவர்களுக்கு ஓய்வு, மற்றவர்களுக்கும் சுவிசேஷத்தையே கேள்விப்படாதவர்களுக்கும் ஒரு காவல் மாதிரியான இடம். உயிர்த்தெழுதலுக்குப் பிறகு சிலெஸ்டியல், டெரஸ்டிரியல், டெலெஸ்டியல் என்று மூன்று ராஜ்யங்கள். படுமோசமான ஆட்களுக்குக்கூடக் கடைசி ராஜ்யத்தில் இடம் உண்டு. நிரந்தர இருட்டுக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். உச்சியான சிலெஸ்டியலில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகவே இருப்பார்கள். கோவிலில் 'முத்திரை' இடப்பட்ட கல்யாணம் சாவோடு முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு வீட்டுத் துக்கம் இருக்கிறது. ஸ்மித்தின் அண்ணன் ஆல்வின் 1823 நவம்பரில் 25 வயசில் செத்துப்போனார். ஞானஸ்நானம் வாங்காதவர். அடக்கத்தன்று பாதிரியார், இவன் நரகத்துக்குத்தான் போயிருப்பான் என்று படும்படி பேசிவிட்டார். அந்தக் குடும்பம் அதை மறக்கவே இல்லை. 1836-இல் சிலெஸ்டியல் ராஜ்யத்தில் ஆல்வினைப் பார்த்ததாக ஸ்மித் சொன்னார். 1840-இல், செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் வாங்கலாம் என்று அறிவித்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 15-ஆம் அதிகாரத்தில் இப்படி ஒரு வழக்கத்தைப் பற்றி ஒற்றை வரி வருகிறது. மற்ற சபைகள் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போன அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். செத்தவரை இதில் கட்டாயப்படுத்த முடியாது. ஆவி உலகத்தில் இருப்பவர் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

நியூயார்க்கில் நடந்த ஒரு சாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை அரித்த கேள்விதான் நம்ம பக்கம் மதம் மாறின முதல் தலைமுறையையும் அரித்த கேள்வி.

எங்க ஊர் கருமத்தம்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவை - அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது விசைத்தறி ஊர். கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை மாதா கோவில் ஊர். 17-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன் சேசு சபைச் சாமியார்கள் காலத்திலேயே இங்கே கிறிஸ்தவம் வந்துவிட்டது. இன்று அது பசிலிக்கா. அக்டோபர் தேர்த் திருவிழாவுக்கு எல்லா மதத்து ஜனமும் வரும். இங்கே முதன்முதலில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட ஒரு குடியானவர் சாமியாரிடம் என்ன கேட்டிருப்பார்? மோட்சம் நரகம் எல்லாம் விளக்கமாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "சரீங்க சாமி, நான் மோட்சத்துக்குப் போயர்றேன். எங்க அப்பாரு எங்க போவாருங்க?" என்று கேட்காமல் இருந்திருப்பாரா?

இது நானே கற்பனை பண்ணுகிற கேள்விதான். ஆனால் இதே கேள்வி வேறு ஊரில் ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஜப்பானில் மதம் மாறினவர்கள் தங்கள் முன்னோரை நினைத்து அழுததைச் சொல்கிறார். நரகத்திலிருந்து அவர்களை மீட்க வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்பதுதான் அவர் சொல்ல முடிந்த பதில். அவர்கள் அழுததைப் பார்த்துத் தனக்கும் தாங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

கத்தோலிக்கச் சபையே பிற்பாடு இந்த இடத்தில் நிறைய இளகிவிட்டது. தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல் போனவர்களும், மனசாட்சிப்படி வாழ்ந்தால் மீட்பு அடையலாம் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைத்தது. ஆனால் அது 400 வருஷம் கழித்து வந்த பதில். அதுவரை அந்த அப்பாரு நிலைமை திண்டாட்டம்தான்.

ஆக மார்மன்கள் கையில் இருந்தது துருப்புச் சீட்டு. முன்னோரைக் கும்பிடுகிற நாட்டில், 'உங்க முன்னோரைக் கைவிட வேண்டாம், கூடவே கூட்டிட்டு வாங்க' என்று சொல்லக்கூடிய கிறிஸ்தவம். நியாயமாகப் பார்த்தால் தமிழ்நாட்டில் பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன்?

1853-க்குப் போவோம். அந்த ஏப்ரலில் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து இறங்கிய மார்மன் ஊழியர்களில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் இருவரும் ஜூலையில் மெட்ராஸ் வந்தார்கள். பாலன்டைன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1849-இல் சால்ட் லேக்கில் மார்மன்களின் ஞாயிறு பள்ளியை ஆரம்பித்தவர். ஆனால் இங்கே வந்து பெரும்பாலும் பேசியது இங்கிலீஷ் தெரிந்தவர்களிடமும் பட்டாளத்து வெள்ளைக்காரர்களிடமும்தான். அதோடு இன்னொரு இடி. இவர்களை ஊழியத்துக்கு அனுப்பிய 1852 ஆகஸ்ட் மாநாட்டில்தான் பலதார மணத்தைச் சபை முதல்முறையாகப் பகிரங்கமாக அறிவித்தது. அந்தச் செய்தியும் கூடவே கப்பல் ஏறி வந்துவிட்டது. பத்திரிகைகள் கிழித்தன, பாதிரிமார் கதவைச் சாத்தினார்கள். உடம்பு கெட்டு பாலன்டைன் 1854-இல் கிளம்பினார். 1856-க்குள் அந்த மிஷனே இந்தியாவில் மூட்டை கட்டிவிட்டது. செத்தவர்களைப் பற்றிய அந்த நல்ல செய்தி தமிழ்க் குடியானவர் காதுக்குப் போகவே இல்லை.

அதே வருஷங்களில் கோயமுத்தூர்க் கத்தோலிக்க மிஷன் தலைவராக இருந்தவர் மரியோன் பிரெசில்லாக். 1846 அக்டோபர் 4-ஆம் தேதி அவருக்கு ஆயர் பட்டம் கொடுத்தது எங்க கருமத்தம்பட்டியில்தான். உள்ளூர்க்காரர்களே குருக்களாக வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். மதம் மாறினவர்கள் சாதி வழக்கங்களையும் முன்னோர் வழக்கங்களையும் எதுவரை வைத்துக்கொள்ளலாம் என்று 'மலபார் சடங்கு' சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ரோம் அதற்குத் தெளிவான பதில் சொல்லாததில் மனசு வெறுத்து, 1854-இல் இந்தியாவை விட்டுப் போய்ப் பதவியையே விட்டுவிட்டார். பிறகு ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, 1859-இல் சியரா லியோனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவர் மாட்டிக்கொண்ட சண்டையும் அடியில் அப்பாரு கேள்விதான். புதுச் சாமிக்கு வருகிறவன் பழைய ஆட்களை என்ன செய்வது?

நூறு வருஷம் கழித்துத்தான் திருத்துவதாஸ் வருகிறார். இந்த முறை கதவைத் தட்டியது நம்ம ஆள், திறக்கத் தயங்கியது அவர்கள். இந்தியாவில் அமைப்பு இல்லை, வழிநடத்த ஆள் இல்லை என்று சபை யோசித்தது. பின்னாளில் 1995-இல் சபைத் தலைவரான கார்டன் ஹிங்க்லி, 1960-களில் இவரைப் பார்க்கக் கோயமுத்தூருக்கே வந்து போனார். அதற்குப் பிறகும் வளர்ச்சி நத்தை வேகம்தான். நாட்டில் கொஞ்சம் சூடு பிடித்தது 1978-இல், ஹைதராபாத்தில். சமோவாவில் மார்மனான தர்மராஜு தம்பதி ஊருக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் உட்பட இருபது பேருக்கு மேல் ஞானஸ்நானம் வாங்கினார்கள். பிரசங்கத்தால் அல்ல, உறவு வழியாகத்தான் பரவியது என்பதைக் கவனியுங்கள். 1993-இல் பெங்களூரில் தனி மிஷன் வந்தது.

ஆனால் ஒரு சிக்கல். செத்தவர்களுக்கான ஞானஸ்நானமும் குடும்ப முத்திரையும் சாதாரண ஞாயிறு கூடும் இடத்தில் நடக்காது. 'கோவில்' என்று அவர்கள் சொல்லும் விசேஷக் கட்டடத்தில்தான் நடக்கும். ஆசியாவின் முதல் மார்மன் கோவில் டோக்கியோவில் 1980-இல் திறந்தது. ஹாங்காங்கில் 1996-இல். பெங்களூரில் ஒன்று கட்டப்போவதாக 2018-இல்தான் அறிவித்தார்கள், 2020 டிசம்பரில் வேலை தொடங்கியது. கோயமுத்தூரில் அந்த நம்பிக்கைக்கு வந்த ஒருவர் தன் அப்பாருக்காகத் தண்ணீரில் இறங்க பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் எல்லாம் வேண்டியிருந்தது. பேரூர்ப் படித்துறையில் திதி கொடுக்க டவுன் பஸ் போதும்.

இன்னொரு சிக்கல் காகிதம். மார்மன் சடங்கு மொத்தமாக நடப்பதல்ல. ஒவ்வொரு செத்தவருக்கும் தனித்தனியாக, பேர் சொல்லி நடக்கணும். அதனால்தான் உலகத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளையெல்லாம் படம் பிடித்து, யூட்டாவில் ஒரு மலையைக் குடைந்து பெட்டகம் கட்டிப் பாதுகாக்கிறார்கள். 1970-களில் ஹரித்வார் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளைக்கூட மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். மெட்ராஸ் டயசீஸ் புராட்டஸ்டன்ட் சர்ச் பதிவேடுகள் 1743-லிருந்து அவர்கள் தளத்தில் கிடைக்கின்றன.

நம்ம கதை வேறு. ஒரு கொங்குக் குடும்பத்தை அந்த டேட்டாபேஸில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். முத்துசாமி மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் மறுபடியும் சின்னசாமி. தாத்தா பேரை வைப்பதால்தானே பேரனுக்கே பேரன் என்று பேர்! குடும்பப் பேர் என்ற கட்டத்தில் எதைப் போடுவது? தேதி? 'தாது வருஷப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம்' என்பதுதான் தேதி. பாட்டிகள் பேர் மூன்றாம் தலைமுறையிலேயே காணாமல் போய்விடும். ஆனால் காடை கூட்டமா, தூரன் கூட்டமா, குலதெய்வம் எது என்று கேளுங்கள், தூக்கத்தில் கேட்டாலும் பதில் வரும். நாம் முன்னோரைக் கூட்டமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு ஒவ்வொருவராக வேண்டும்.

சரி, காகிதம் இருக்கிற இடத்தில்? கருமத்தம்பட்டி மாதிரியான பழைய பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு வைப்பது கத்தோலிக்கச் சபை விதி. ஆனால் 2008-இல் வாட்டிகன், பங்குப் பதிவேடுகளை மார்மன் வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று உலக ஆயர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. எங்க ஆளுக்கு நீங்க மறுபடி தண்ணி ஊத்தாதீங்க என்று அர்த்தம். ஹிட்லர் முகாம்களில் செத்த யூதர்களின் பேர்கள் பட்டியலில் ஏறியதால் யூத அமைப்புகள் கொதித்து, 1995-இல் ஒரு உடன்பாடு போட வேண்டியிருந்தது. காந்திக்கே இப்படி ஞானஸ்நானம் செய்திருக்கிறார்கள் என்று 2012-இல் செய்தி வந்தது. இப்போது உறுப்பினர்கள் தங்கள் சொந்த முன்னோர் பேரை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது சபையின் விதி.

மார்மன் புஸ்தகம் சொல்லும் பழைய அமெரிக்க நாகரிகங்களுக்கு அந்தச் சபைக்கு வெளியே இருக்கும் ஆய்வாளர்கள் ஆதாரம் எதையும் ஏற்கவில்லை. பலதார மணத்தை 1890-இல்தான் கைவிட ஆரம்பித்தார்கள். கறுப்பினத்தவருக்குக் குருத்துவத்தைத் தர 1978 வரை மறுத்தார்கள். ஆவி உலகத்தில் எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது என்றவர்கள் பூமியில் சிலருக்கு அதைச் சாத்தியே வைத்திருந்தார்கள். இதையெல்லாம் மறைத்துப் பேச எனக்கு அவசியம் இல்லை.

ஆனாலும் பிண்டம் வைப்பவர், நவம்பர் 2-ஆம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுபவர், செத்தவர் பேரில் தண்ணீரில் முங்குபவர், மூவரும் செய்வது அடிப்படையில் ஒரே காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது. போனவங்களுக்காக இருக்கிறவங்க ஏதோ செய்ய முடியும் என்கிற நம்பிக்கை. நரகம், தீர்ப்பு என்று எவ்வளவு பயமுறுத்தினாலும் மனுஷன் அதை விடமாட்டேன் என்கிறான்.

தன் அப்பாருக்குச் செய்யும்வரை அது பாசம். அடுத்தவன் அப்பாருக்கு, அவன் வீட்டைக் கேட்காமல் செய்தால் அது ஆக்கிரமிப்பு. உங்கள் தாத்தா விரும்பினால் ஏற்கட்டும், இல்லாவிட்டால் விடட்டும் என்று மார்மன் சொல்வது நேர்மையான பதில்தான். ஆனால் தாத்தா எதை விரும்பினார் என்று அவர் உயிரோடு இருந்தபோதே காட்டிவிட்டுத்தானே போனார்? சாகும்வரை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தவர் அவர். அந்த அப்பாரு எங்கே போயிருந்தாலும், அவரை எங்கே சேர்ப்பது என்று முடிவு பண்ணுகிற வேலை நம்முடையது இல்லை. அவர் பேரை மறக்காமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை. முடிந்தால் பாட்டி பேரையும் சேர்த்து.